கறிவேப்பிலைக் கொப்பு

கொல்லையில் முருங்கை மரத்துக்கும் சுவருக்கும் இடையே கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அல்தாப் ஒரு சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தான். அப்போதுதான் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடி கண்ணில் பட்டது. தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்த கொப்பைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஈரமாக ஒரு வெட்டுவாய் மட்டும் தெரிந்தது.

சேலை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“மச்சான், பிடிங்க. மறைப்பு கட்டணும்ல,” என்றான் அஸ்லம். அல்தாபின் மனைவி அப்ரினின் தம்பி. அழுது அழுது அவனுக்குக் குரல் கம்மியிருந்தது.

“இங்கன ஒரு கொப்பு இருந்துச்சே.”

“என்ன கொப்பு?”

அல்தாப் தொட்டிக்குப் பக்கத்தில் போனான். குனிந்து தொட்டியைச் சுற்றித் தரையைப் பார்த்தான். செருப்புத் தடங்களும் உதிர்ந்த முருங்கை இலைகளும்தான் கிடந்தன. அஸ்லம் அவனைப் பார்த்துவிட்டு, விழுந்த சேலையைத் தானே எடுத்து உதறிக் கயிற்றில் போட்டான்.

அப்ரின் விடிவதற்கு முன் இறந்துபோனாள். பஜ்ர் பாங்கு சொல்லும்போது அல்தாபின் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. பாங்கு முடியும்போதும் இருந்தது. நடுவில் எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லியாகிவிட்டது. உத்தமபாளையத்தில் அந்தத் தெருவில் பாதிக்கு மேல் அவள் சொந்தக்காரர்கள்தான். அல்தாபுக்கு ஊர் சின்னமனூர். வாசலில் நாற்காலி போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவள்தான் அந்தக் கொப்பைக் காட்டினாள். கொஞ்ச நாளாகவே அவள் கட்டிலைப் பின்தாழ்வாரத்தில்தான் போட்டிருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய்விட்டது. மதுரையில் ஒருமுறை மாற்றினார்கள். மறுபடியும் அறுத்தால் உடம்பு தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“ஏங்க, கூடு கறுக்குது பாருங்க.”

அவன் குனிந்து பார்த்தான். இலைகளுக்கு நடுவே இலையாக, ஒரு நூலிழையில் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்த பச்சைக் கூடு ஓரங்களில் கறுத்திருந்தது.

“செத்துப்போச்சா?”

“லூசு. றெக்கைக் கலரு வெளிய தெரியுது. நாளைக்கு, இல்லன்னா மறுநாக் காலையில வந்துரும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “வர்றப்ப நான் தூங்கிட்டு இருந்தா எழுப்பணும். பாவம், தூங்கட்டும்னு விட்டுறாதீங்க.”

“எழுப்புறேன்.”

“பேச்சு மாறக்கூடாது.”

“எழுப்புறேன்டி.”

அவள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். மேகமலை ரோட்டிலும் குமுளி ரோட்டிலும் ஜீப்பில் அடிபட்டுக் கிடக்கும் வண்ணத்துப்பூச்சிகளைப் பொறுக்கி வருவாள். அதில் மேலே சோலைக்காட்டில் மட்டும் இருக்கிற அபூர்வமானவையும் உண்டு. உயிரோடு இருப்பதைப் பிடித்து ஊசியில் குத்தமாட்டாள். கல்யாணமான புதிதில் அல்தாபின் பைக்குக்கு வேலையே அதுதான். வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடுவாள். பின்னால் வரும் ஜீப்காரர்கள் கத்துவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வருவாள். உள்ளங்கையில் நீலமாக ஏதாவது இருக்கும்.

அத்தனை அபூர்வங்களையும் சேர்த்துவைத்தவள் கடைசியில் வந்து நின்றது வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில். எல்லார் வீட்டுக் கறிவேப்பிலையிலும் முட்டையிடுகிற பூச்சி அது. பெயரே கறிவேப்பிலை அழகன்.

“ஆம்பளைக எல்லாத்துக்கும் ஒரே சட்டை,” என்று அவள் அவனுக்குச் சொல்லியிருந்தாள். “கறுப்பு. பின் றெக்கையில குறுக்க ஒரு வெள்ளைப் பட்டை. உங்கள மாதிரி. யூனிபார்ம். பொம்பளைகளுக்குத்தான் மூணு உடுப்பு.”

“ஏன், பொம்பளைகளுக்கு மட்டும்?”

“ரெண்டு உடுப்பு வேசம். ரோஜா அழகின்னு ஒண்ணு இருக்கு, சிவப்புடல் அழகின்னு ஒண்ணு. ரெண்டும் விசம். குருவி தொடாது. அதுக மாதிரியே செவப்புப் புள்ளி வச்சுக்கிட்டு இதுவும் தப்பிச்சுக்கிரும். மூணாவது உடுப்பு இருக்கே, அது வேசமே போடாது. ஆம்பள மாதிரியே கறுப்பும் வெள்ளையுமா அது பாட்டுக்குத் திரியும். குருவி தின்னா தின்னட்டும்னு.”

அந்த மூன்றாவதுதான் அவளுக்கு அகப்படவில்லை. சின்னமனூர் முதல் கூடலூர் வரை செடி செடியாகப் பார்த்திருக்கிறாள். கூடலூருக்கு வெளியே ரோட்டில் கிடைத்த ஒற்றைப் பின்சிறகு ஒன்று இருந்தது; கிழிந்தது. ஆணா பெண்ணா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் தடவை, ரோஜா உடுப்புப் போட்ட தாய் ஒன்று அவள் கண்முன்னால் இந்தத் தொட்டிச் செடியில் வந்து முட்டையிட்டது. கட்டிலில் இருந்தபடியே பார்த்தாள். தாய்க்கு இல்லாத நிறம் மகளுக்கு வரலாம், எங்கேயோ பாட்டிக்கு இருந்தது பேத்திக்கு வருவதுபோல என்றாள். வளர்ந்து வந்ததெல்லாம் ஒன்று ஆணாக இருந்தது, இல்லாவிட்டால் ரோஜா உடுப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பிந்தி, இலை மறைவில் தானாகக் கூடு கட்டியது இது ஒன்று. இதுதான் மிச்சம்.

“புழுவ நடுவீட்டுல வச்சு வளக்குறவளுக்கு ஒடம்பு எப்புடி வெளங்கும்?” என்பாள் லத்திபா, அப்ரினின் அம்மா. ஒருமுறை ஒரு டப்பா புழுவை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டாள். அன்றைக்கு அப்ரின் அழவில்லை. சாப்பிடவுமில்லை. பிள்ளை பெறக்கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்ன வருடம் அது. அதற்குப் பிறகு லத்திபா புழுவைத் தொடுவதில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இப்போது லத்திபா கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சே இல்லை.

குளிப்பாட்ட வந்திருந்த ரெஹானா கொல்லையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பெண்கள் யார் இறந்தாலும் அவள்தான் வருவாள். அண்டாத் தண்ணீரில் இலந்தை இலைகள் மிதந்தன.

“அக்கா, இந்தச் செடியில யாராச்சும் கைவச்சாகளா?”

ரெஹானா நிமிர்ந்து பார்த்தாள். “காலையில பக்கத்து வீட்டம்மா வந்து பறிச்சிட்டுப் போனாகளே. இன்னைக்கு நம்ம வீட்டுல சோத்துக்கு அடுப்புப் பத்தவைக்க மாட்டோம்ல, வெளியூரு ஆளுகளுக்கு அவுகதான் ஆக்குறாக. ஏன் தம்பி?”

அவன் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அப்ரினின் அப்பாவுக்கு அண்ணன், பெரியத்தா சேக் பரீத் கையை நீட்டி, “மாப்ள, எங்கன போறீக?” என்றார்.

“பக்கத்துல. வந்துர்றேன்.”

மனைவி உள்ளே கிடக்க, மாப்பிள்ளை எங்கே போகிறான் என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் கஸ்தூரியம்மாளின் கொல்லையில் பெரிய பாத்திரத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கரண்டியை அப்படியே விட்டுவிட்டாள்.

“தம்பி! நீங்க எதுக்கு வந்தீக? சோத்துக்கு ஒண்ணும் கவலப்படாதீக, நான் பாத்துக்குறேன்.”

“அக்கா, காலையில கறிவேப்பிலை பறிச்சீங்களா?”

“பறிச்சேன்.”

“அந்தக் கொப்பு எங்க?”

அவளுக்குப் புரியவில்லை. கொதிக்கிற சாம்பாரைப் பார்த்தாள். “தாளிச்சுட்டேனே.”

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். சாம்பாரின் மேலே இலைகள் சுருண்டு மிதந்துகொண்டிருந்தன. அவன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் கஸ்தூரியம்மாளுக்கு ஏதோ பிடிபட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அய்யய்யோ! அதுல பூச்சி எதுவும் இருந்துச்சா?”

“கூடு.”

“நான் பாக்கலையே. காஞ்ச எலை ஒண்ணு ஒட்டிக்கிட்டுருந்த மாதிரி…” கரண்டியை எடுத்துச் சாம்பாரைத் துழாவத் தொடங்கினாள். உடனே நிறுத்தினாள். “இல்ல இல்ல. எலைய மட்டுந்தான் உருவிப் போட்டேன். குச்சிய இங்கன எறிஞ்சேன்.”

இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயத் தோலும் முருங்கைக்காய் நறுக்கிய நாரும் கத்தரிக்காய்க் காம்பும் குவியலாகக் கிடந்தன. அல்தாப் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினான். புளிக் கோதும் தக்காளிக் காம்பும் விரலில் ஒட்டின. கஸ்தூரியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேடினாள்.

“தெனம் காலையில செவத்து மேல கூப்பிட்டு ஒரு கொத்துக் கேப்பேன். அந்தப் பிள்ள ஒவ்வொரு எலையாத் திருப்பிப் பாத்துட்டுத்தான் குடுக்கும். முடியாதப்பகூடக் கட்டில்ல இருந்துக்கிட்டே, தம்பி, ஒங்களப் பறிக்கச் சொல்லி, கையில வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துவிடும். ‘அக்கா, நீங்களாப் பறிச்சா என் பிள்ளைகளத் தாளிச்சுப்புடுவீக’ன்னு சிரிக்கும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இன்னைக்குத்தான் நானாப் பறிச்சேன். யாருகிட்டக் கேக்க?”

உருவிய குச்சிகள் அடியில் இருந்தன. மூன்றாவது குச்சியில் கூடு இருந்தது. இடுப்புக் கயிறு ஒரு பக்கம் அறுந்து, வால் நுனியில் மட்டும் ஒட்டித் தொங்கியது. மேலே வெங்காயத் தோல் ஒன்று ஈரமாக அப்பியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் போட்டான். ஊதினான்.

கூடு ஒருதரம் நெளிந்தது.

“உசுரு இருக்கு,” என்றாள் கஸ்தூரியம்மாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அவன் குச்சியைச் சட்டைப் பையில், நிமிர்ந்து நிற்கும்படி வைத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது அஸ்லம் சந்து முனையில் காத்துக்கொண்டிருந்தான். அத்தர், போர்த்துகிற கபன் துணி எல்லாம் வாங்கியாகிவிட்டதாம். கடைசித் தண்ணீரில் கரைக்கச் சூடம் மட்டும் விட்டுப்போயிற்று என்று ரெஹானா சொல்லியனுப்பியிருந்தாள். கடைக்கு ஓடவா என்று கேட்டான்.

“வேணாம். வீட்டுல இருக்கு.”

அலமாரியின் மேல்தட்டில் அவளுடைய பெட்டிகள் இருந்தன. ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டிகள். அடியில் தெர்மோகோல், அதன்மேல் வரிசையாகச் சிறகுகள். எறும்பும் பூச்சியும் அண்டாமல் இருக்க ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் சின்னத் துணி முடிச்சில் சூடம் வைத்திருப்பாள். அவள் விரல்கள், துப்பட்டா, புத்தகப் பை, எல்லாம் அந்த வாசனைதான். கல்யாணமான புதிதில் அவனுக்கு அதனால் தலை வலித்தது.

பெட்டிகளைத் திறந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். எல்லாவற்றையும் எடுத்தான். ரெஹானா சேலை மறைப்புக்கு வெளியே கையை நீட்டினாள். அந்தக் கையில் வைத்துவிட்டுத் திரும்பினான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நிதானமாக, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. அவள் குளிக்கும்போது இப்படிச் சத்தம் வராது. மடமடவென்று ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

முகம் பார்க்க ஆண்களைக் கூப்பிட்டபோது சேக் பரீத் அவன் தோளில் கைவைத்துக் காதோரம் சொன்னார்.

“மாப்ள, நல்லாப் பாத்துக்கங்க. கை மட்டும் படக் கூடாது. நம்ம வழக்கம் ஒங்களுக்குத் தெரியும்.”

தெரியும். மனைவி இறந்த நிமிடத்தில் கணவனுக்கு அந்த உரிமை போய்விடுகிறது என்று சின்ன வயதில் மதரஸாவில் கேட்டது. அப்போது அது யாரோ கிழவர்களுக்கான சட்டம்போல இருந்தது.

வெள்ளைத் துணிக்கு நடுவே முகம் சின்னதாக இருந்தது. மூச்சு வாங்காத முகத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. குனிந்தான். நெற்றியில் இருந்து சூடம் மணத்தது. அவள் இப்போதுதான் பெட்டியை மூடிவிட்டு வந்து படுத்த மாதிரி. இடது புருவத்தில் ஒரு பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது. சட்டைப் பைக்குப் போய் அங்கே இருந்துகொண்டது.

“மாமி,” என்றான். “புருவத்துல பஞ்சு.”

லத்திபா எழுந்து வந்து சுண்டுவிரலால் அதை எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 

பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் ஆட்கள் அவனைச் சூழ்ந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டிப்பிடிக்க வந்தார்கள். அல்தாப் பின்னால் நகர்ந்தான். கம்பத்திலிருந்து வந்திருந்த அவனுடைய சொந்தச் சித்தப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அழுதபடி வந்தபோதும் உடம்பைத் திருப்பிக் கையை மட்டும் நீட்டினான். அவர் விரித்த கையோடு நின்றார்.

“விடுங்க, அவன் தன்னெலைல இல்ல,” என்றது ஒரு குரல்.

“பொண்டாட்டி மேல உசுரா இருந்தவன்பா.”

“அதுக்கு? சித்தப்பனக்கூடவா அண்டவிட மாட்டான்?”

அவள் கிடந்த சந்தூக்கை வலது தோளில்தான் சுமந்தான். இடது பக்கம் மாறச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நடந்தான். வழியில் கடைகள் ஷட்டரை இறக்கி வழிவிட்டன. குமுளி போகும் ஜீப் ஒன்று ஓரமாக நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

கபர் குழிக்குள் அஸ்லமும் சேக் பரீத்தும் இறங்கினார்கள். அல்தாப் மேலே மண் ஓரத்தில் நின்றான். கீழே நான்கு கைகள் அவளை வாங்கிக்கொண்டன. அஸ்லமின் கை அவள் தலைக்கடியில் இருந்தது. இவன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றான். உள்ளங்கைக்கு அடியில், துணிக்கு அப்பால், ஏதோ ஒன்று மெல்ல அசைந்தது. ஒருவேளை அவன் நெஞ்சாகவும் இருக்கலாம்.

எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். அவனும் போட்டான்.

அன்று இருட்டுவதற்குள் குச்சியைப் பின்தாழ்வாரத்து ஜன்னல் கம்பியில் அவளுடைய ஹேர்பின்னால் மாட்டிவைத்தான். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். தலையணைகள் மட்டும் அடுக்கியபடி இருந்தன. அறுந்த இடுப்புக் கயிற்றுக்குப் பதில் ஒரு தையல் நூலைச் சுற்றினான். அவள் அப்படிச் செய்து பார்த்திருக்கிறான். அவள் கைக்கு வந்த முடிச்சு அவன் கைக்கு வரவில்லை.

காலையில் அவன் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தபோது கூடு வெறுமையாக இருந்தது. கண்ணாடி மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாமல்.

பூச்சி தரையில் கிடந்தது. நூல் பிடிமானம் தராமல் வழுக்கிக் கீழே விழுந்திருக்க வேண்டும். ஈரமாக, கசங்கிய காகிதம் போன்ற சிறகுகளோடு சிமெண்டில் சுற்றிச் சுற்றி வந்தது. வந்த கொஞ்ச நேரத்துக்குள் எதையாவது பற்றி ஏறித் தொங்க வேண்டும், இல்லையென்றால் சிறகு அப்படியே கோணலாகக் காய்ந்துவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சுவரில் பல்லி ஒன்று தலையைத் திருப்பியது.

அல்தாப் மண்டியிட்டு உட்கார்ந்தான். தொட்டால் பொடி உதிரும், தொடாதீர்கள் என்று எத்தனையோ தரம் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். தொடவில்லை. வலது கை ஆட்காட்டி விரலை அதன் முன்னால் தரையில் நீட்டிவைத்தான்.

அது ஏறிக்கொண்டது. சின்னச் சின்னக் கொக்கிகளால் தோலைப் பற்றிக்கொண்டு நுனிவரை போய்த் திரும்பி, கீழ்ப்பக்கம் வந்து தொங்கியது. அவன் மெல்ல எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை உயர்த்திப் பிடித்தான். சிறகுகள் இறங்கத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், சுருக்கம் சுருக்கமாக நீவிக்கொண்டு. வயிற்றிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு அவன் வேட்டியில் விழுந்தது.

கறுப்பு. பின்சிறகில் குறுக்காக வெள்ளைப் பட்டை. ரோஜாச் சிவப்பு எங்கேயும் இல்லை.

யூனிபார்ம், ஆண்தான், என்று நினைத்தான்.

பின்சிறகின் மூலை இன்னும் மடிந்திருந்தது. அதுவும் பிரிய வேண்டும்.

காலை நேரத்தில் துக்கம் கேட்பவர்கள் வரத் தொடங்கினார்கள். போடி ஏலக்காய் ஏல ஆபீஸில் அவனோடு வேலை செய்யும் விஜய்ராஜ் பின்தாழ்வாரம் வரை வந்துவிட்டான். நேற்று வெளியூரில் இருந்ததால் வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். அல்தாபின் வலது கை அந்தரத்தில் நின்றது. நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. விஜய்ராஜ் நீட்டிய கையோடு தடுமாறினான்.

“கை குடுக்க முடியாது தம்பி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அது காயணும். செத்த உக்காருங்க.”

லத்திபா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் பனையோலை விசிறி இருந்தது. பல்லி இருந்த சுவரில் விசிறிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினாள். பல்லி ஓட்டுக்குள் போயிற்று. விஜய்ராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த விரலைப் பார்த்தான். அடுத்து வந்த சேக் பரீத்தையும் அவளே வழிமறித்தாள்.

“மச்சான், அங்கனயே நில்லுங்க. காத்து அடிக்கக் கூடாது.”

“எது, என்ன அது?”

“அப்ரினோடது.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

வெயில் சுவர் தாண்டி இறங்கியது. பக்கத்து வீட்டில் கஸ்தூரியம்மாள் யாரையோ கூப்பிடப் போய் நிறுத்திக்கொண்டாள். அல்தாபின் தோள் கடுத்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியபோது சிறகும் நடுங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

பின்சிறகின் உள்மூலை கடைசியாகப் பிரிந்தது. அங்கே, வெள்ளைப் பட்டை முடிகிற இடத்துக்குக் கீழே, சிவப்பாக ஒரு பிறை. பெண்ணுக்கு அது எடுப்பாக இருக்கும், ஆணுக்கும் சில சமயம் வரும் என்பாள். சந்தேகம் வந்தால் வயிற்று நுனியைப் பாருங்க, ஆணுக்கு இரண்டாகப் பிளந்திருக்கும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிளவு இல்லை. திரும்பவும் பார்த்தான். மூன்றாவது உடுப்பு.

லத்திபா பக்கத்தில் வந்து குனிந்தாள். முந்தானையை வாய்மேல் பொத்திக்கொண்டிருந்தாள், மூச்சுப் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

“ஆணா, பொண்ணா?” என்றாள்.

அல்தாப் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“பொண்ணு மாமி.”

அவள் தலையை ஆட்டினாள்.  கட்டிலில் அடுக்கியிருந்ததில் மேலே இருந்த தலையணையை எடுத்தாள். மடித்து அவன் முழங்கைக்கு அடியில் மெல்லச் செருகினாள்.

விஜய்ராஜ் ஏதோ கேட்டான். எப்போது நடந்தது, எப்படி என்று. அல்தாப் பதில் சொன்னான். உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருக்கிற வீட்டில் பேசுவதுபோல, குரலைத் தாழ்த்திக்கொண்டு.